காற்றாலைப் பணியாளர்: தேர்வும் பயிற்சியும்



ஒரு காற்றாலையை நிறுவ முற்படுகிறவர் காற்றின் வேகத்தை மாதக்கணக்கில் அளந்து பார்க்கிறார்; அஸ்திவாரத்துக்குரிய மண்ணைத் தோண்டிப் பரீட்சிக்கிறார்; யந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் பற்றி நிபுணர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டறிகிறார்; கடன் கொடுக்கும் வங்கியாரோ அவரினும் நுணுக்கமாக ஒவ்வொரு காகிதத்தையும் புரட்டிப் பார்க்கிறார். இத்தனை ஜாக்கிரதையோடு எழுப்பப்பட்ட யந்திரத்தை அடுத்த இருபது இருபத்தைந்து ஆண்டுகள் பேணிக் காக்கப்போகிற மனிதனைத் தேர்ந்தெடுக்கும் காரியம் மட்டும், பல இடங்களில், ஓர் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு "சைட்டுக்கு நாலு பையன்களை அனுப்பி வையுங்கள்" என்று சொல்லுவதோடு முடிந்துவிடுகிறது. யந்திரத்துக்கென்று ஒதுக்கும் முதலிலேயே அதைப் பேணுகிறவனுடைய கல்விக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும், பின்னால் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை விடலாகாது என்பதே இன்று உங்கள் முன் நான் வைக்க வந்த விஷயம்.

1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் நம் மாநிலத்தின் முதல் காற்றாலைத் தொகுதி எழுந்தபோது அங்கே நின்றவை 55 கிலோவாட் சக்தியுள்ள சிறு யந்திரங்கள். தொண்ணூறுகளில் 225, 250 கிலோவாட் யந்திரங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயிலில் முப்பந்தலைச் சுற்றி நெருங்கி நின்றன. பின்னர் செங்கோட்டைக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு, பாலக்காட்டுக் கணவாயின் காற்று வந்து பாயும் உடுமலைப்பேட்டைச் சமவெளி என்று மேற்குத் தொடர்ச்சி மலை எங்கெங்கே இடைவெளி விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் அவை பரவின. இன்று நம் மாநிலத்தில் நிறுவப்பட்டிருக்கும் காற்றாலைகளின் மொத்தச் சக்தி 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. புதிதாக நிற்பவை தனித்தனியே 2 அல்லது 3 மெகாவாட் சக்தியும், 120 முதல் 140 மீட்டர் வரை உயரமும் உடையவை. ஆனால் முப்பது நாற்பது மீட்டர் ஏறி வேலை பார்த்த காலத்தில் ஆள் எடுத்த முறை எதுவோ, ஏறக்குறைய அதே முறைதான் இந்த உயரத்துக்கும் இன்றளவும் பல இடங்களில் நடந்து வருகிறது.

மனிதனைப் பயிற்றுவதிலிருந்தே யந்திரம் வளர்ந்த சரித்திரம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். டென்மார்க் தேசத்தில் ஆஸ்கோவ் என்பது ஒரு சிற்றூர். அங்கே உழவர் வீட்டு வாலிபர்களுக்கென்று நடந்துவந்த மக்கள் உயர்பள்ளி ஒன்றில் பௌல் லா கூர் என்பவர் பௌதிக ஆசிரியராக இருந்தார். அவர் 1891-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் பொருளுதவியோடு ஒரு பரிசோதனைக் காற்றாலையை எழுப்பி, அது தந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அதிலிருந்து கிடைத்த ஹைட்ரஜன் வாயுவைக்கொண்டு பள்ளியில் விளக்கெரித்தார். நகரங்களுக்குக் கிடைத்த மின்சாரம் கிராமங்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் லட்சியம். அந்த லட்சியத்துக்காக 1903-ல் அவர் காற்று மின்சாரச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தபோது, யந்திரங்களைச் செய்து ஊர்தோறும் அனுப்பிவிட்டால் போதும் என்று எண்ணவில்லை. அவற்றைப் பொருத்தவும் பேணவும் அறிந்த ஆட்கள் ஊர்தோறும் இல்லாவிட்டால் யந்திரம் ஓராண்டில் நின்றுபோகும் என்பதை நன்கு உணர்ந்து, கிராமத்து இளைஞர்களை மின்பணியாளராகத் தேர்ச்சி பெறச் செய்யும் வகுப்புகளை அடுத்த ஆண்டிலேயே ஆஸ்கோவில் தொடங்கினார்.

அந்த 1904-ஆம் ஆண்டு வகுப்பில் பயின்ற வாலிபர்களில் ஒருவர் யோஹன்னஸ் யூல். அப்போது அவருக்கு வயது பதினேழு. பயிற்சி முடித்து மின்பணியாளராகவே பிழைப்பு நடத்திய அந்த மனிதர், அரை நூற்றாண்டு கழிந்து, முதுமைக்காலத்தில், கெட்ஸர் என்னும் கடற்கரையூரில் 200 கிலோவாட் சக்தியுள்ள மூன்று இறக்கைக் காற்றாலை ஒன்றை அமைத்தார். 1957-ல் ஓடத் தொடங்கிய அந்த யந்திரம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஓடிற்று. வேகம் எல்லை மீறினால் இறக்கைகளின் நுனிகள் தாமே திரும்பிக்கொண்டு சுழற்சியைத் தடுத்து நிறுத்தும் உபாயத்தை அவர் அதிலே வைத்தார். எண்பதுகளில் டென்மார்க்கிலிருந்து உலகெங்கும் பரவிய யந்திரங்கள் யூல் வகுத்த அமைப்பையே பெரிதும் தழுவியவை. நம்முடைய தென்பாண்டிச் சீமையில் முதன்முதல் வந்திறங்கியவற்றிலும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவை உண்டு. லா கூர் 1908-லேயே காலமாகிவிட்டார்; தாம் நடத்திய வகுப்பின் பலனை அவர் கண்ணால் காணவில்லை. எனினும் ஒரு கிராமப் பள்ளியின் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன் பிற்காலத்தில் அந்தத் தொழிலையே புதிதாக வகுத்தான் என்பதை, பயிற்சியை வீண்செலவாகக் கருதுகிறவர்கள் சற்றே சிந்தித்துப் பார்க்கவேண்டும்.

இனி, இந்தப் பணி எத்தகையது என்பதைப் பார்ப்போம். தரையிலிருந்து நோக்குகிறவர்களுக்கு உயரமே பெரிதாகத் தோன்றும். ஆனால் ஏறுவது வேலையின் தொடக்கமே அல்லாமல் வேலை அன்று. மேலே, நசெல் என்று நம் பணியாளர் சொல்லும் அந்த அறைக்குள்ளே, இறக்கைகளின் மெதுவான சுழற்சியை ஜெனரேட்டருக்கு வேண்டிய அதிவேகச் சுழற்சியாக மாற்றும் கியர்பாக்ஸ், பிரேக், எண்ணெய்க் குழாய்கள், காற்றின் திசைக்கேற்ப அறையையே திருப்பும் மோட்டார்கள், கம்பிகள், உணர்கருவிகள் யாவும் நெருங்கிக் கிடக்கின்றன. பங்குனி சித்திரை நடுப்பகலில் அதற்குள் இருக்கும் வெக்கையை அங்கே நின்றவர்களே அறிவர். கோபுரத்தின் பகுதிகளை ஒன்றோடொன்றும், இறக்கைகளை நடுக்குடத்தோடும் பிணைத்து நிற்பவை நூற்றுக்கணக்கான போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் குறித்த அளவுக்கு முறுக்கி, நட்டின்மீது தொடங்கி அது அமர்ந்திருக்கும் இரும்பின்மீது முடியும்படி பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அடுத்த முறை வருகிறவன் விளக்கைப் பிடித்துப் பார்க்கும்போது அந்தக் கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. கோட்டின் ஒரு பாதி மற்றொரு பாதியைவிட்டு ஒரு நூல் விலகியிருந்தாலும் அது தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். இருநூறாவது போல்ட்டையும் முதல் போல்ட்டைப் பார்த்த அதே சிரத்தையோடு பார்க்கும் மனம் எவனுக்கு உண்டோ அவனே இந்தத் தொழிலுக்கு உரியவன்.

மற்றொரு காட்சியையும் சொல்லுகிறேன். ஆடி மாதத்தில், நல்ல காற்று வீசும் வேளையில், கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறிவிட்டது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி அறிவித்து யந்திரத்தை நிறுத்திவிடுகிறது. பழகாத ஆப்பரேட்டர் என்ன செய்வான்? ரீசெட் பொத்தானை அழுத்துவான். யந்திரம் மறுபடியும் ஓடும், அரை மணி நேரத்தில் மறுபடியும் நிற்கும், மறுபடியும் அழுத்துவான். சீசன் காலத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் நஷ்டம் என்று அலுவலகத்திலிருந்து வரும் வற்புறுத்தலும் சேர்ந்துகொண்டால், அவனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. முறையாகப் பயின்றவனோ முதல் முறையிலேயே, "எதனால்?" என்று கேட்பான். எண்ணெயைக் குளிர்விக்கும் தகடுகளில் செம்மண் தூசி படிந்து அடைத்திருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம், வால்வு திறவாமலிருக்கலாம், சூட்டை அளக்கும் கருவியே பொய் சொல்லலாம், அல்லது உள்ளே ஒரு பேரிங் உண்மையாகவே அழியத் தொடங்கியிருக்கலாம். முதலாவதற்குத் தூரிகையும் அரை நாள் வேலையும் போதும். கடைசியானதைக் கவனியாமல் விட்டால், பெரிய கிரேனை வரவழைத்து, கியர்பாக்ஸையே இறக்கி, அவ்வாண்டுக் காற்று முழுவதையும் இழக்க நேரும். எண்ணெயில் சிறிது எடுத்துச் சோதித்து, அதிலுள்ள உலோகத் துகளைக்கொண்டு எது தேய்கிறது என்று அறியும் வழியும் உண்டு. இப்படிக் காரணத்தைத் தேடும் பழக்கத்தைப் புத்தகம் மட்டும் தந்துவிடாது. பல ஆண்டு அனுபவம் உள்ள ஒருவரின் பக்கத்தில் நின்று, அவர் எதைத் தொட்டுப் பார்க்கிறார், எதற்குக் காது கொடுக்கிறார் என்று கண்டு பழகினால்தான் வரும்.

ஆகவே எப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுப்பது? எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் பிரிவுகளில் ஈராண்டு ஐ.டி.ஐ. படித்தவர்களும், டிப்ளமோ பெற்றவர்களும் வருகிறார்கள். அந்த அடிப்படை போதுமானதே. "அனுபவம் உள்ளவர் மட்டும்" என்று ஒவ்வொரு நிறுவனமும் விளம்பரம் செய்துகொண்டே போனால், முதல் அனுபவத்தை அந்தப் பையன் எங்கே போய்ப் பெறுவான்? 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, முப்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள ஸ்தாபனங்கள் இரண்டரை சதவிகிதத்துக்குக் குறையாமல் பழகுநர்களை ஏற்கவேண்டும். ஒப்பந்தக்காரர் பலரிடையே ஆட்களைச் சிதறவிடாமல், நேரடியாகப் பழகுநரை ஏற்றுப் பழக்குவதே நேரான வழி.

தைரியசாலியைத் தேடாதீர்கள் என்பது என் பணிவான யோசனை. இராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்தில் பனையேறும் தொழிலாளியைப் பாருங்கள்: அவர் ஒவ்வொரு நாள் விடியலிலும் தளைநாரை இழுத்துப் பார்த்தே காலில் மாட்டுவார்; நேற்று நன்றாக இருந்ததே என்று ஒருநாளும் விட்டுவிட மாட்டார். உயரத்தில் உயிர் தப்பிப் பல ஆண்டு வேலை செய்கிறவர்களிடம் காணும் குணம் இந்த ஒழுங்குதான். ஆகையால் தேர்வு நாளன்று பையனைக் கோபுரத்தில் ஏற்றிப் பார்க்கும்போது, எத்தனை நிமிஷத்தில் ஏறினான் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கொடுத்த பாதுகாப்பு வாரின் தையலைத் தடவிப் பார்த்தானா, கொக்கி பூட்டியதை இழுத்து உறுதிசெய்தானா, பாதியில் மூச்சு வாங்கியபோது வெட்கப்படாமல் "சார், கொஞ்சம் நிக்கிறேன்" என்று சொன்னானா என்று பாருங்கள். அப்படிச் சொல்லுகிறவன், நாளைக்கு ஒரு போல்ட்டை முறுக்க மறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுவான். வலிப்பு, இருதய நோய், தலைசுற்றல் முதலியவை உண்டா என்ற வைத்தியப் பரிசோதனை முன்னதாகவே நடக்கவேண்டும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

காற்றாலை நிற்கும் ஊரின் பிள்ளைகளுக்கே முதலிடம் கொடுப்பதும் நியாயம். தங்கள் நிலத்துக்கு நடுவே யந்திரம் சுழலுவதைப் பிறந்தது முதல் பார்த்துக்கொண்டிருக்கும் அவர்களுக்குக் காவல்காரர் வேலையும் புல்வெட்டும் வேலையும் மட்டுமே கிடைக்கும் என்ற நிலை இருக்கலாகாது. அன்றியும் உள்ளூர்க்காரன் ஓராண்டில் வேலையை விட்டுவிட்டு ஓடமாட்டான். பெண்களையும் இதில் சேர்த்தே சொல்லுகிறேன். எலக்ட்ரீஷியன் பிரிவில் தேறி வரும் பெண்கள் இருக்கிறார்கள். ஏணியும் வாரும் ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை. அவர்களுடைய உடலுக்குப் பொருந்தும் அளவில் பாதுகாப்பு வாரும், சைட்டில் ஒரு கழிப்பறையும் இல்லை என்பதே பல இடங்களில் உண்மையான தடை. அதை நீக்கப் பெரிய முதலீடு எதுவும் வேண்டியதில்லை.

பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு துயரச் செய்தியை நினைவூட்டாமல் இருக்கமுடியவில்லை. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் நெதர்லாந்தில் ஊல்ட்கென்ஸ்பிளாட் என்னும் ஊருக்கருகே, வழக்கமான பராமரிப்புக்காக ஏறியிருந்த பணியாளர் நால்வர் இருக்கையில் நசெல் தீப்பிடித்தது. இருவர் இறங்கித் தப்பினர். தீ வழியை மறித்ததால் மற்ற இருவரும் மேலேயே அகப்பட்டு மாண்டனர். ஒருவருக்கு வயது இருபத்தொன்று, மற்றவருக்குப் பத்தொன்பது. அந்த உயரத்தில் அபாயம் நேரும்போது கீழிருந்து உதவி வந்து சேரும் என்று நம்புவதற்கில்லை. ஐரோப்பாவிலேயே அப்படி என்றால், நம்முடைய வண்டித்தடங்களின் முடிவில் நிற்கும் கோபுரத்தைப் பற்றி என்ன சொல்வது? மேலே இருக்கிறவர்கள் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அவர்களுள் ஒருவனை மற்றவன் காப்பாற்ற வேண்டும்.

கால் தவறி வாரில் தொங்கிக்கொண்டிருப்பவன் விழாமல் பிழைத்தான் என்று எண்ணி நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. அசைவற்றுத் தொங்கும் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிஷங்களிலேயே மயக்கமும், தாமதித்தால் மரணமும் நேரக்கூடும். கூட்டாளி உடனே கயிற்றைப் பொருத்தி, அவனைத் தன் சாதனத்தோடு இணைத்து, பாரத்தைத் தூக்கி விடுவித்து, மெல்ல இறக்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். யந்திர உற்பத்தியாளரும் உரிமையாளரும் சேர்ந்து நடத்தும் உலகக் காற்றாலை அமைப்பு, முதலுதவி, பாரம் தூக்கும் முறை, தீத்தடுப்பு, உயரத்தில் வேலை ஆகியவற்றை அடிப்படைப் பாடங்களாக வகுத்து, அந்தச் சான்றிதழை ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. கை மறந்துவிடும் என்பதே அந்த விதியின் காரணம். சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு ஈராண்டும் கயிற்றைத் தொடாமல் இருக்கும் இடங்களைக் கண்டு நான் மனம் வருந்தியிருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது கோபுரத்தின் அடித்தட்டிலேனும் இறக்கிப் பழகவேண்டும்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று நிர்வாகிகள் கேட்பார்கள். நம்முடைய நாட்டுக் காற்றே அந்தக் கேள்விக்கு விடையளித்திருக்கிறது. ஐரோப்பாவின் கடலோரத்தில் காற்று ஏறக்குறைய ஆண்டு முழுவதும் வந்துபோகும். அங்கே பயிற்சிக்கென்று நாளைத் திருடித்தான் எடுக்கவேண்டும். நமக்கோ வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஆண்டின் உற்பத்தியில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. பின்வரும் மாதங்களில் யந்திரங்கள் பெரும்பாலும் ஓய்ந்து நிற்கும். வடகிழக்குப் பருவத்தில் இடி மின்னல் உள்ள நாட்களில் கோபுரத்தில் கால் வைக்கலாகாது; அந்த நாட்கள் வகுப்பறைக்கு உரியவை. மார்கழி பிறந்து வானம் தெளிந்தபின் பங்குனி வரையில் உள்ள காலம் பராமரிப்புக்கும், பராமரிப்பின் வாயிலாகவே பயிற்சிக்கும் உரிய காலம். புதிதாக எடுப்பவர்களை ஐப்பசியில் எடுத்தால், அடுத்த சீசன் தொடங்குவதற்குள் ஆறு மாதப் பழக்கம் பெற்றுவிடுவார்கள். இப்போது நடப்பதோ தலைகீழ்: சித்திரையில் அவசர அவசரமாக ஆளெடுத்து, காற்று வலுத்தபின் கற்பிக்க நேரமின்றித் தவித்து, காற்று ஓய்ந்ததும் ஆள் அதிகம் என்று ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிடுகிறார்கள். இந்த ஒரு வழக்கத்தை மாற்றினாலே பாதிக் குறை தீரும்.

பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றுச் சக்தி நிறுவனமும், கயத்தாறில் அதன் பரிசோதனை நிலையமும் நம் மாநிலத்திலேயே இருப்பது நமக்கு வாய்த்த பாக்கியம். அவற்றின் பயிற்சிகளைச் சிறு ஊர்களின் ஐ.டி.ஐ.கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வேலை அனுமதிச் சீட்டும், யந்திரத்தைப் பூட்டி நிறுத்தும் முறையும், அபாய காலத்தில் செய்யவேண்டியவையும் தமிழில் அச்சாகவேண்டும். எந்த ஸ்விட்சை அணைத்து, எந்தப் பூட்டைத் தன் கையால் பூட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும் என்பதைப் பணியாளன் ஐயமறப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடும் காகிதம் எவரையும் காப்பாற்றாது.

சம்பளத்தைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பயிற்றுவித்தால் வெளிநாட்டுக்கோ வேறு நிறுவனத்துக்கோ போய்விடுகிறார்கள் என்பது முதலாளிகள் கூறும் ஆட்சேபம். பயிற்றுவிக்காமல் இருப்பது அதற்குப் பரிகாரமாகாது. திறமைக்கேற்ற ஊதியமும், நேரடி நியமனமும், விபத்துக் காப்பீடும், வயதானபின் போக ஓர் இடமுமே பரிகாரம். ஒருவர் ஐம்பது வயதுக்குமேல் தினமும் நூறு மீட்டர் ஏறமுடியாது. தொண்ணூறுகளில் சேர்ந்து, உதிரி உறுப்பு கிடைக்காத பழைய யந்திரங்களைத் தங்கள் யுக்தியாலேயே ஓட்டிவந்த முதல் தலைமுறையினர் இன்று அந்த வயதை எட்டிவிட்டார்கள். முழங்கால் வலியோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத ஒரு சாஸ்திரம் அவர்களோடு போய்விடும். பயிற்சி ஆசிரியர்களாக நியமிக்க அவர்களைவிடத் தகுந்தவர் எங்கே கிடைப்பார்கள்? பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவர்களுக்கு வகுப்பறைக் கதவை அடைப்பது நமக்கே தீங்கு.

கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடலுக்குள் காற்றாலை நிறுவும் ஆலோசனை நடந்துவருகிறது; 2015-லேயே மத்திய அரசு இதற்கெனக் கொள்கை வகுத்துவிட்டது. படகிலிருந்து ஏணிக்குத் தாவும் பயிற்சியும் கடலில் உயிர்காக்கும் பயிற்சியும் அப்போது தேவைப்படும். நம் கரையோர மீனவ இளைஞர்களைவிட அலையை அறிந்தவர் யார்? தங்கள் கடலைப் பற்றி அவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு முதலில் நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். அதன்பின் அவர்களுக்குள்ளிருந்து மின்பணியாளரை உருவாக்கும் வேலையை இன்றே தொடங்கலாம்.

முடிவாக, இங்கே வந்திருக்கும் காற்றாலை உரிமையாளர்களிடம் ஒரு குறிப்பான வேண்டுகோள். 2024-ஆம் ஆண்டில் நம் மாநில அரசு வெளியிட்ட கொள்கையின்படி, பழைய சிறு யந்திரங்களை அகற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுவும் பணி இனி விரைவடையும். இறக்கப்படும் 225, 250 கிலோவாட் யந்திரங்களையெல்லாம் பழைய இரும்பு வியாபாரிக்குப் போட்டுவிடாதீர்கள். காற்றாலைகள் நிறைந்த வட்டாரத்திலுள்ள ஒவ்வோர் ஐ.டி.ஐ.க்கும் ஒரு நசெல்லை முழுதாகக் கொடுங்கள்: கியர்பாக்ஸ், பிரேக், ஜெனரேட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி எதையும் கழற்றாமல் கொடுங்கள். அதைத் தரைமட்டத்தில் ஒரு சிமெண்டு மேடையில் இருத்தி, மேலே தகரக் கூரை வேய்ந்து, பக்கத்தில் பதினைந்து மீட்டர் ஏணியோடு ஒரு கோபுரத் துண்டையும் நிறுத்தினால், பையன்களும் பெண்களும் முதலாண்டு முழுவதும் உயரத்தின் அபாயமின்றி அதைப் பிரித்தும் பூட்டியும் பழகுவார்கள். வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கி வைத்து, ரீசெட் பொத்தானைத் தொடாமல் காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி ஆசிரியர் சொல்லலாம். கொண்டுவந்து இறக்கும் லாரிச் செலவையும் மேடை கட்டும் செலவையும் உரிமையாளரும் பயிற்சி நிலையமும் பங்கிட்டுக்கொள்ளலாம். கற்றுக்கொடுக்க ஓய்வு பெறும் நிலையிலுள்ள ஒரு மூத்த பணியாளரை நிறுவனமே சம்பளத்தோடு இரண்டாண்டுக்கு அனுப்பலாம். வருகிற ஐப்பசிக்குள் இத்தகைய யந்திரம் ஒன்றேனும் ஒரு பள்ளிக்கு வந்து சேருமானால், தை மாதத்திலேயே முதல் வகுப்பை நடத்திவிடலாம்.